குரோமியம் போட்டும் ஜீன் விழிக்கவில்லை: வாணியம்பாடி மண் பாக்டீரியா

வாணியம்பாடி மண்ணில் எடுத்த பாக்டீரியாவுக்குக் குரோமியம் கொடுத்தும் அதன் குரோமியம் எதிர்ப்பு ஜீன் ஏன் விழிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சேர்த்தது குரோமியம்-3. அதனால்தான் ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று அதன் ஆர்என்ஏவை வைத்து அளக்கும் ஆர்டி-பிசிஆரில், சிஎச்ஆர்-ஏ (chrA) என்ற அந்த ஜீனின் அளவு ஏறவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் பயன்படும் பேசிக் குரோமியம் சல்பேட்டையே பாக்டீரியா வளரும் மீடியத்திலும் போடத் தோன்றுவது இயல்பு. ஆனால் இந்த ஜீனை இயக்குவது குரோமியம்-6, அதாவது குரோமேட்.

காரணம் இது. குரோமேட்டின் வடிவம் சல்பேட்டைப் போன்றது. அதனால் சல்பேட் செல்லும் வழியிலேயே செல்லுக்குள் நுழைந்துவிடும். உள்ளே சிஎச்ஆர்-பி (chrB) என்ற புரதம் அதை உணர்ந்த பிறகுதான், குரோமேட்டை வெளியே தள்ளும் சிஎச்ஆர்-ஏ பம்ப் உருவாகும். ஓக்ரோபாக்ட்ரம் டிரிட்டிசி (Ochrobactrum tritici) பாக்டீரியாவில் குரோமேட்டும் டைகுரோமேட்டும் இதைத் தூண்டின. குரோமியம்-3 தூண்டவே இல்லை. நடுநிலை பிஎச்சில் அது பெரும்பாலும் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும், செல்லுக்குள் போவதும் அரிது.

சோதிக்க மூன்று குடுவை போதும்: ஒன்றில் பொட்டாசியம் டைகுரோமேட், ஒன்றில் உங்கள் பழைய குரோமியம்-3 உப்பு, ஒன்று வெறும் மீடியம். டைகுரோமேட்டைக் குறைந்த அளவில் தொடங்குங்கள். செல்கள் செத்துவிட்டால் ஆர்என்ஏ கிடைக்காது. மீடியத்தில் சல்பேட்டையும் குறையுங்கள். அது அதிகமிருந்தால் குரோமேட் உள்ளே போவது தடைபடும், பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆர்என்ஏ எடுக்கும் நேரத்தில் குரோமியம்-6 இருந்தால் நிறம் காட்டும் டைஃபினைல்கார்பசைடைச் சொட்டுவிட்டுப் பாருங்கள். ஊதா நிறம் வராவிட்டால் குரோமியம்-6 ஏற்கெனவே குரோமியம்-3 ஆக ஒடுங்கிவிட்டது.

இன்னொன்று, எல்லாப் பாக்டீரியாவிலும் சிஎச்ஆர்-ஏ பக்கத்தில் சிஎச்ஆர்-பி இருக்காது. இல்லாவிட்டால் ஜீன் எப்போதும் ஒரே அளவில் இயங்கலாம். முதலில் அந்தப் பகுதியின் டிஎன்ஏவை சீக்வென்ஸ் செய்துகொள்ளுங்கள்.

டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும். கையுறை கட்டாயம், மிச்சத்தை சிங்க்கில் ஊற்றவே வேண்டாம். பாலாறு பட்டது போதும்.