நையோபியம்-டைட்டேனியம் துண்டின் காந்தமாக்கல் வளைவு 4.2 கெல்வினில் ரம்பப் பல் போல உடைவது ஏன்?

2 மி.மீ. தடிமனுள்ள மீக்கடத்தித் துண்டு (மிகக் குளிரில் மின்தடையே இல்லாத பொருள்), காந்தப்புலத்தை ஏற்றும்போது 4.2 கெல்வினில் காந்தமாக்கல் திடீர் திடீரென்று சரிகிறது, 8 கெல்வினில் அதே துண்டு வழவழப்பான வளைவு தருகிறது, கருவிக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவியைப் பிரிக்க வேண்டாம். சூடேற்றினால் மறைகிறது என்ற அந்த ஒரு விவரமே முக்கால் பதிலைச் சொல்லிவிடுகிறது: இது ஃப்ளக்ஸ் ஜம்ப், அதாவது பாயத் துள்ளல். பாயம் என்பது ஒரு பரப்பின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு.

இது இரண்டாம் வகை மீக்கடத்தி; அதற்குள் காந்தப்புலம் சுழல்களாக நுழைகிறது. ஒவ்வொரு சுழலும் 2.07 × 10⁻¹⁵ வெபர் பாயத்தைச் சுமக்கிறது. படிகக் குறைகள் அவற்றைப் பிடித்து நிறுத்துவதால் விளிம்பில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போக இடைவெளி விட்டும் ஒரு மணல் சரிவு போல நிற்கின்றன. அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தாக நிற்க முடியும் என்பதுதான் மாறுநிலை மின்னோட்ட அடர்த்தி. துளி வெப்பம் ஏறினால் பிடி தளர்கிறது. சுழல்கள் உள்ளே நகர்கின்றன. நகரும்போது வெப்பம் பிறக்கிறது. பிடி மேலும் தளர்கிறது. 4.2 கெல்வினில் இந்த உலோகக் கலவையின் வெப்ப ஏற்புத்திறன் கன மீட்டருக்குச் சுமார் 5.5 கிலோஜூல்/கெல்வின்தான். அறை வெப்பநிலையில் உள்ளதில் சில நூறில் ஒரு பங்கு. அதனால் மிகச் சிறிய வெப்பமும் பெரிய வெப்பநிலை உயர்வாகி, சரிவு இடிந்து, காந்தமாக்கல் சட்டென விழுகிறது.

வெப்பம் சுற்றியுள்ள குளிர்விக்கும் ஹீலியத்துக்குள் ஓடிவிடாதா? ஓட நேரமில்லை. இந்தக் கலவைக்குள் பாயம் பரவும் வேகம், வெப்பம் பரவும் வேகத்தைப்போல் பல ஆயிரம் மடங்கு. சுத்தமான செம்பில் இது நேர் தலைகீழ்: வெப்பம் முந்திக்கொள்ளும், பாயம் தவழும். மீக்கடத்தி இழைகளைச் செம்புக்குள் பதிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கணக்கு இதுதான். வெப்பம் வெளியேறவே இல்லை என்று கொண்டால், μ₀ (வெற்றிடத்தின் காந்த மாறிலி) × (மாறுநிலை மின்னோட்ட அடர்த்தி)² × (பாதித் தடிமன்)² என்பதைக் கன வெப்ப ஏற்புத்திறனாலும், மீக்கடத்தல் மறையும் மாறுநிலை வெப்பநிலைக்கு மிச்சமிருக்கும் இடைவெளியாலும் வகுத்தால் வரும் எண் 3-ஐத் தாண்டக் கூடாது. 1 டெஸ்லாவில் அடர்த்தி 7500 ஆம்பியர்/சதுர மி.மீ., இடைவெளி 4.8 கெல்வின் என்று போடுங்கள்: பாதித் தடிமன் 33 மைக்ரோமீட்டர் வரும். உங்கள் துண்டுக்கு அது 1000! தடித்த துண்டில் முதல் துள்ளல் வரும் இடத்தையும் இதே சமன்பாடு தரும்: விளிம்புக்கும் உள்ளுக்கும் புல வேறுபாடு சுமார் 0.3 டெஸ்லா ஆகும்போது. குளிர்வு நன்றாக இருந்து, புலமும் மெதுவாக ஏறினால் இன்னும் தள்ளிப்போகும்.

உறுதிசெய்ய, புலம் ஏற்றும் வேகத்தைப் பத்தில் ஒன்றாக்குங்கள். துள்ளல்கள் குறையும் அல்லது தள்ளிப்போகும். பிறகு துண்டைப் புலத்துக்குக் குறுக்கான திசையில் மெலிதாக்கி மறுபடி அளவிடுங்கள். வெப்பநிலைமானி அசையவில்லை என்பதை எதிர்ச்சான்றாக எடுக்காதீர்கள். அது துண்டைப் பிடித்திருக்கும் தாங்கியில் இருக்கிறது, சில மில்லி விநாடிகளில் முடியும் சூடு அதற்கு எட்டாது. அதிரும் மாதிரி முறையில் (துண்டை அதிரவைத்து, அருகிலுள்ள சுருளில் எழும் மின்னழுத்தத்தால் காந்தமாக்கலை அளப்பது) ஒரு அளவீட்டின் நடுவே துள்ளல் விழுந்தால் அந்தப் புள்ளியே பொய். மூல அலைவடிவத்தைப் பார்த்து நீக்குங்கள். மிக முக்கியமாக, ரம்பப் பல் உள்ள பகுதியின் கண்ணி அகலத்திலிருந்து (புலம் ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் வளைவுகளுக்கு இடையிலான தூரம்) மாறுநிலை மின்னோட்ட அடர்த்தியைக் கணக்கிடாதீர்கள். சரிவு முழு உயரத்தை எட்டுமுன்பே இடிந்துவிட்டது, விடை குறைவாகவே வரும். இந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது, தப்பான எண் பார்வைக்கு நம்பும்படியே இருக்கும்.

1.9 கெல்வினுக்கு இறக்கினால் சரியாகுமா? மோசமாகும். அடர்த்தி கூடுகிறது, வெப்ப ஏற்புத்திறன் சுருங்குகிறது. 8 கெல்வினில் இதற்கு நேர் எதிர், அதனால்தான் அங்கே வளைவு வழவழப்பாக வந்தது.

தீர்வு மெல்லிய இழைதான். நையோபியம்-டைட்டேனியத்துக்கு 50 மைக்ரோமீட்டர் விட்டம் பொதுவாகப் போதும். பெரும் ஹாட்ரான் மோதுவியின் இருமுனைக் காந்தங்களில் 6, 7 மைக்ரோமீட்டர் இழைகள் இருக்கின்றன. அங்கே புலத்தின் துல்லியமும் தேவை. ஆனால் இழைகளைப் பிரித்தால் மட்டும் போதாது. முறுக்காமல் விட்டால், புலம் மாறும்போது செம்பின் வழியே ஓடும் மின்னோட்டம் அவற்றை ஒன்றாகக் கோத்துவிடும். முழுக் கம்பியும் ஒரே தடித்த இழையாக நடந்துகொள்ளும். அந்த மோதுவியின் கம்பிகளில் 15 முதல் 18 மி.மீ.க்கு ஒரு முறுக்கு.

நையோபியம்-வெள்ளீயம் என்ற இன்னொரு மீக்கடத்தியில் சிக்கல் பெரிது. வெப்பப் பதப்படுத்தலில் பக்கத்து இழைகள் ஒட்டிக்கொள்வதால் பயனுறு விட்டம் 50 மைக்ரோமீட்டர் அளவில் நிற்கிறது. வெள்ளீயம் கசிந்தால் செம்பின் கடத்துதிறனும் கெட்டு, துள்ளலைத் தாங்கும் சக்தி போய்விடும். இந்தக் காந்தங்களில் குறைந்த மின்னோட்டத்தில், அடர்த்தி உச்சத்தில் இருக்கும்போது, மின்னழுத்தக் கூர்முனைகள் கொட்டும். குவென்ச் (மீக்கடத்தல் திடீரென்று அற்றுப்போவது) கண்டுபிடிக்கும் சுற்று அவற்றை நிஜக் குவென்ச் என்று எண்ணிக் காந்தத்தை அணைத்துவிடும். அதனால் அந்தச் சுற்று அணைக்கத் தொடங்கும் மின்னழுத்த வரம்பைக் குறைந்த மின்னோட்டத்தில் உயரமாகவும், மின்னோட்டம் ஏற ஏறத் தாழ்வாகவும் வைக்கிறார்கள்.