உள்ள ஃபோம் அடிச்சா போட் ஏன் இன்னும் தாழுது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, டர்பன் சாட்ஸ்வொர்த்லேர்ந்து எழுதுறேன். கார்ப் மீன் பிடிக்க, இரையைத் தூரத்துல கொண்டுபோய்க் கொட்டுற ரிமோட் பெயிட் போட் ஒண்ணு வீட்லயே செஞ்சேன், மெல்லிசு பிளைவுட் மேல ஃபைபர்கிளாஸ், ரெட்டை ஹல், அதாவது மிதக்குற உடல் ரெண்டு. ஒவ்வொரு ஹல்லும் 70 செ.மீ. நீளம், 9 அகலம், 10 உயரம், முன்னாடி கூரா வரும். ரெண்டு மோட்டார், கேட் மோட்டார்ல போடுற 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரி. போட் பேட்டரியோட 7.8 கிலோ, இரைக்கு 2 கிலோ மீலி, அதான் மக்காச்சோளம், ஏத்துவேன். ஏத்தினா தண்ணி டெக்குக்கு ஒரு விரல் கீழ நிக்குது, இனாண்டா டேம்ல மத்தியானம் காத்து கிளம்பினா அலை மேல ஏறிடுது. சரி மிதப்பு கூட்டுவோம்னு ஹல்லுக்குள்ள ஒரு டின் எக்ஸ்பேண்டிங் ஃபோம் அடிச்சேன், இப்ப முன்னைவிட தாழ்ந்து போகுது. ஃபோம் மட்டமா?

பதில்: ஃபோம் மேல தப்பு இல்ல தம்பி. அது இருக்குற இடத்துல அதுக்கு வேலையே இல்ல. எனக்கு வர்ற போட் லெட்டர்ல பாதி இதேதான், ஃபோம்னா போட்டைத் தூக்கும்னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. ஆர்க்கிமிடீஸ் சொன்னது என்ன, எவ்வளவு தண்ணியை ஒதுக்குறியோ அவ்வளவு எடைதான் உன்னைத் தூக்கும். தண்ணியை ஒதுக்குறது ஹல்லோட வெளிப்பக்கம், உள்ள இருக்குறது காத்தா ஃபோமா பஞ்சான்னு தண்ணிக்குத் தெரியவே தெரியாது. ஓட்டை இல்லாத ஹல்லுக்குள்ள ஏற்கனவே காத்துதான் இருந்துச்சு, அந்தக் காத்தை வெளிய தள்ளிட்டு அதைவிட எடை கூடின ஃபோமை நீங்க வச்சீங்க, ஒரு டின்ல அரை கிலோ சுமை ஏறிடுச்சு, அவ்வளவுதான் நடந்தது.

உங்க அளவை வச்சு கணக்கு போட்டுப் பாத்தேன். ரெண்டு ஹல்லும் முழுசா முங்கினா, முன்கூரைக் கழிச்சு, ஏறக்குறைய 11 லிட்டர் தண்ணி ஒதுக்கும். டேம் தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, அப்ப 11 கிலோவுக்கு மேல ஏத்தினா போட் முங்கிடும். உங்க போட் மீலியோட 9.8, ஃபோமோட 10.3, அதாவது விளிம்புல நின்னுக்கிட்டு இருக்கீங்க. தண்ணிமட்டத்துல ரெண்டு ஹல்லையும் வெட்டிப் பாத்தா பரப்பு 1150 சதுர செ.மீ. வரும், அதனால ஒவ்வொரு கிலோவுக்கும் போட் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் இறங்கும். அரை கிலோ ஃபோமுக்கு 4 மில்லிமீட்டர் சொச்சம். உங்களுக்கு மிச்சம் இருந்ததே ஒரு விரல்தானே, அதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிடுச்சு.

உள்ள ஃபோம் இருக்குறதுல ஒரே ஒரு லாபம், ஹல் ஒடைஞ்சு தண்ணி புகுந்தாலும் போட் அடியோட போகாது, ஃபோம் இருக்குற இடத்துல தண்ணி நுழைய முடியாது. அது உயிர்காப்பு, மிதப்பு உயர்வு இல்ல, ரெண்டும் வேற. ஆனா டின் ஃபோமை அந்த வேலைக்குக்கூட நான் சிபாரிசு பண்ண மாட்டேன். அது காய ஈரக்காத்து வேணும், மூடின ஹல்லுக்குள்ள மொத்தமா அடிச்சா நடுவுல பிசுபிசுன்னே கிடக்கும், உப்பும்போது மெல்லிசு பிளைவுட்டை வெளிய தள்ளி வீங்கவும் வச்சிடும், வெட்டுன முகத்துல தண்ணி பட்டுக்கிட்டே இருந்தா மெதுவா உறிஞ்சவும் செய்யும். உயிர்காப்புக்கு காலி கூல்டிரிங் பாட்டில் ரெண்டு மூணை மூடி இறுக்கி உள்ள அடைச்சிருந்தா காசும் இல்ல எடையும் இல்ல. இப்ப அடிச்சது அடிச்சாச்சு, அதைச் சுரண்டி எடுக்குறேன்னு ஹல்லைக் கிழிச்சிடாதீங்க, விட்டுடுங்க.

உண்மையா மேல வரணும்னா வழி ரெண்டுதான், எடையைக் குறைக்கணும், இல்ல தண்ணிக்குள்ள இருக்குற கொள்ளளவைக் கூட்டணும். முதல்ல அந்த பேட்டரி. கேட் மோட்டார் லெட் ஆசிட் பேட்டரி ரெண்டே கால் கிலோ இருக்கும், அதே 7 ஆம்பியர் லித்தியம் அயன் பாஸ்பேட் ஒரு கிலோவுக்கும் குறைவு. அடிக்கடி கரண்ட் போன லோட்ஷெடிங் காலத்துல பாதி சாட்ஸ்வொர்த்தே கேட்டுக்கும் அலாரத்துக்கும் லித்தியம் மாத்திக்கிச்சு, வீட்ல சும்மா ஒண்ணு கிடந்தாலும் கிடக்கும், பாருங்க. அதை மாத்தினா மட்டுமே ஒரு செ.மீ.க்கு மேல போட் எழும்பும். சார்ஜர் லித்தியத்துக்குன்னு உள்ளதா இருக்கணும், பழைய சார்ஜரைப் போடாதீங்க. பேட்டரி தாங்குற கரண்ட் எவ்வளவுன்னும் லேபிள்ல பாருங்க, ரெண்டு மோட்டாரும் பாசியில சிக்கி இழுத்தா சில பேட்டரி தன்னால கட் ஆகிடும், அப்புறம் போட் டேம் நடுவுல, நீங்க கரையில.

அடுத்தது பக்கத்துக்கு ஒரு துண்டு. சீலிங்குக்கு போடுற ஐசோபோர்ட் இருக்குல்ல, அழுத்தி செஞ்ச பாலிஸ்டைரீன், வீடு கட்டுற இடத்துல வெட்டுமிச்சம் கேட்டா சும்மாவே குடுப்பாங்க. வெள்ளை உருண்டை உருண்டையா உதிர்ற பேக்கிங் தெர்மோகோல் வேண்டாம், அது இடுக்குல தண்ணி குடிக்கும். ஐசோபோர்டுல 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. தடிமன், 8 செ.மீ. உயரத்துக்கு ரெண்டு துண்டு வெட்டி, ஒவ்வொரு ஹல்லோட வெளிப்பக்கத்துலயும் அடிமட்டத்துலேர்ந்து ஒட்டுங்க, முன்முனையை கூரா சீவிடுங்க, மேல மெல்லிசு கிளாஸ் துணி வச்சு எபாக்ஸி பூசுங்க. ரெண்டும் சேந்து 3.8 லிட்டர், எடை எபாக்ஸியோட சேத்தே அரை கிலோவுக்குள்ள அடங்கும். பேட்டரியும் மாத்தி இதையும் ஒட்டினா, அதே 2 கிலோ மீலியோட போட் 6 செ.மீ. கிட்டதான் முங்கும், தண்ணிக்கு மேல 4 செ.மீ. விளிம்பு நிக்கும். அகலம் கூடுறதால ஆட்டமும் குறையும், சொல்லப்போனா இந்த லாபம்தான் பெருசு, ஏன்னா போட் கவுந்துடாம நிக்கிறதுக்கு எடையைவிட அகலம்தான் அதிகமா உதவும்.

ஹல்லுக்கு நடுவுல இருக்குற சந்துல ஃபோம் ஒட்டலாமேன்னு தோணும், அது வேண்டாம், தண்ணி ஓடுற வழி அடைஞ்சு போட் இழுக்கும். அப்புறம் ஒண்ணு, போட் 3 செ.மீ. மேல வந்தா ப்ரொபெல்லரும் 3 செ.மீ. மேல வரும், மீலியைக் கொட்டினதும் இன்னும் எழும்பும். அப்ப இறக்கை காத்தை உறிஞ்சி புர்ருன்னு சுத்துமே தவிர தள்ளாது. காலி போட்டை வீட்டு பாத்டப்ல மிதக்க விட்டு ப்ரொபெல்லர் முழுசா முங்குதான்னு பாத்துட்டு அப்புறமா டேமுக்கு எடுத்துட்டுப் போங்க. முங்கலைன்னா ப்ரொபெல்லர் ஷாஃப்டை சரிச்சு இறக்கணும், இல்லேன்னா சைடு துண்டோட உயரத்தைக் குறைக்காம தடிமனைக் குறைக்கணும்.

கேள்வி: வெருலம்லேர்ந்து ஒரு அக்கா. வீட்டுக்காரர் 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்புல போட் செஞ்சு கறுப்பு பெயிண்ட் அடிச்சிருக்காரு. வீட்ல டப்ல போட்டா சொட்டு தண்ணி இறங்கல. ஹேசல்மியர் டேமுக்கு எடுத்துட்டுப் போனா மட்டும் உள்ள ஒரு டம்ளர் தண்ணி. டேம் தண்ணிக்கு என்ன கோளாறு?

பதில்: தண்ணி நல்லாத்தான் இருக்குக்கா, கோளாறு வெயில்ல. பேக்கி வண்டி பின்னாடி கறுப்பு போட் ஒரு மணி நேரம் வெந்தா உள்ள காத்து 50 டிகிரிக்கு போயிடும், அந்த சூட்டுல காத்து விரிஞ்சு ஷாஃப்ட் வழியா கொஞ்சம் வெளியேறிடும். அப்படியே கொண்டுபோய் 22 டிகிரி தண்ணியில விட்டா மிச்ச காத்து குளிர்ந்து சுருங்கும், உள்ளுக்குள்ள அழுத்தம் எட்டு ஒம்பது சதவீதம் விழும். அந்த அழுத்தக் குறைவு, போட்டை 80, 90 செ.மீ. ஆழத்துல அமுக்கிப் பிடிச்சா ஷாஃப்ட் சீல்ல எவ்வளவு தண்ணி மோதுமோ அதுக்குச் சமம். ஆனா ஷாஃப்ட் இருக்குறது என்னவோ அஞ்சு ஆறு செ.மீ. ஆழத்துலதான். வீட்டு டப்ல போட்டும் தண்ணியும் ஒரே சூட்டுல இருந்ததால ஒண்ணும் தெரியல. ஷாஃப்ட் ட்யூப்ல நல்ல மரைன் கிரீஸ் நிரப்பச் சொல்லுங்க, ஆனா அது மட்டும் போதாது, டெக்குக்கு மேல உயரமா ஒரு சின்ன ட்யூப் நட்டு வாயை கீழ் நோக்கி வளைச்சு விடணும், காத்து அது வழியா போய் வரட்டும். அதுவரைக்கும் தண்ணியில விடுறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து அஞ்சு நிமிஷம் நிழல்ல வைக்கணும். அந்தக் கறுப்பு பெயிண்ட் எதுக்குன்னு நானும் கேட்டேன்னு சொல்லுங்க, மீனுக்குத் தெரியாம இருக்கணும்னு சொல்லுவாரு, மீன் பாக்குறது அடிப்பக்கத்தைத்தான், மேல வெள்ளையே அடிக்கலாம்.

கேள்வி: பாலிஸ்டைரீன் ஒட்டினேன், ஒட்டுன இடமெல்லாம் கரைஞ்சு குழியாயிடுச்சு. (ஃபீனிக்ஸ்)

பதில்: செருப்புக்கு ஒட்டுற கான்டாக்ட் பசை, பெட்ரோல், தின்னர், ஃபைபர்கிளாஸ் பாலியெஸ்டர் ரெசின், எல்லாமே பாலிஸ்டைரீனைத் தின்னுடும். எபாக்ஸி தின்னாது. ஸ்ப்ரே பெயிண்ட்டும் நேரா அடிக்காதீங்க, எபாக்ஸி பூசிக் காஞ்சதுக்கு அப்புறம் அடிங்க.

கேள்வி: அண்ணா, பீட்டர்மாரிட்ஸ்பர்க். என் போட் நல்லா உயரமாத்தான் மிதக்குது, ஹல்லுக்கு அடியில ரெண்டு இஞ்ச் ஃபோம் ஒட்டியிருக்கேன். ஆனா மிட்மார்ல பக்கவாட்டுல காத்து அடிச்சா கவுந்துடுது, மீலி கொட்டுறப்ப வேற முன்பக்கம் குத்துது.

பதில்: அடியில ஒட்டினதுதான் வினை. மிதப்பைக் கீழ வச்சீங்க, பேட்டரி, மோட்டார், மீலி எல்லாம் ரெண்டு இஞ்ச் மேல போயிடுச்சு, அப்ப தட்டி விட்டா கவுறத்தானே செய்யும். அதை எடுத்துட்டு மேல சாட்ஸ்வொர்த் தம்பிக்கு சொன்ன மாதிரி வெளிப்பக்கத்துல ஒட்டுங்க, பேட்டரி ஹல்லோட தரையில படுக்கணும், முடிஞ்சா ஹல்லுக்கு ஒண்ணா ரெண்டு சின்ன பேட்டரி. முன்பக்கம் குத்துறதுக்குக் காரணம் பெயிட் பெட்டி ரொம்பப் பின்னாடி இருக்கு, மீலியோட சமமா நிக்கட்டும்னு பேட்டரியை முன்னாடி தள்ளியிருப்பீங்க, மீலி போனதும் மூக்கு இறங்குது. பெட்டியை நடுவுக்கு நகர்த்துங்க, பேட்டரியை வெல்க்ரோல ஒட்டி முன்ன பின்ன நகர்த்திப் பாருங்க. சுமையோட பின்பக்கம் ஒரு சொட்டு தாழ்ந்து, காலியா சமமா நிக்கிற இடம் ஒண்ணு கிடைக்கும், அங்க நிரந்தரமா பட்டி போட்டுடுங்க. ஏரியல் முடிஞ்ச அளவு உயரமா இருக்கட்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தண்ணிமட்டத்தை ஒட்டிப் போனா தூரம் சுருங்கிடும்.

கேள்வி: உப்புத்தண்ணியில நல்லா மிதக்கும்னு சொல்றாங்களே, உம்லாங்கா பக்கம் கடல்ல விட்டுப் பாக்கலாமா?

பதில்: மிதக்கும், கடல் தண்ணி லிட்டருக்கு 1.025 கிலோ, ரெண்டரை சதவீதம் லாபம், உங்க கண்ணுக்கே தெரியாது. ஆனா விடக் கூடாது. கடல்ல மீன் பிடிக்க பெயிட் எடுத்துட்டுப் போற ட்ரோன், ரிமோட் போட் எதுவும் சட்டப்படி செல்லாதுன்னு 2022 பிப்ரவரியில தென்னாப்பிரிக்க மீன்வளத் துறை அறிவிப்பே விட்டுடுச்சு, 1998 கடல்வளச் சட்டத்தைக் காட்டி. ட்ரோன் விக்கிறவங்க கோர்ட்டுக்குப் போயும் பாத்தாங்க, நிக்கல. டேம்ல விடுறதுக்கு மாகாண விதியும் அந்தந்த டேம் விதியும்தான், கேட்ல லைசென்ஸ் காட்டும்போதே ரிமோட் போட் விடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.