கடுமையான நோய் இருந்தும் நிறைவாக வாழ்ந்த யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். என் அத்தை, அப்பாவின் அக்கா. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருந்தார். மா விவசாயிகளுக்கு அந்த ஊரைத் தெரிந்திருக்கும். ஒட்டுக் கட்டுவது, அதாவது நல்ல மரத்துக் குச்சியை நாற்றில் வைத்துக் கட்டிக் கன்றாக்குவதுதான் அங்கே பலருக்குப் பிழைப்பு.

பல வருஷச் சர்க்கரை நோயில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அப்புறம் ஆறு வருஷத்துக்கு மேல் டயாலிசிஸில்தான் இருந்தார். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். காப்பீட்டுத் திட்டத்தில் செலவு அடங்கிவிட்டது, அது பெரிய நிம்மதி. கிழமையை மட்டும் அவரே கேட்டு வாங்கினார்: செவ்வாய், வியாழன், சனி. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை, அதை விட முடியாதாம்.

புன்னகையோடு நோயை எதிர்கொண்டார் என்றெல்லாம் எழுத எனக்கு வரவில்லை. வலித்தால் திட்டுவார். ஊசி குத்தும் தம்பிக்கு நரம்பு தவறினால் அன்று அவன் ஏழு தலைமுறையும் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அடுத்த தடவை அதே தம்பிக்கு ஒரு செந்தூரா கன்று எடுத்துப் போவார்.

டயாலிசிஸுக்காக இடது கையில் ஃபிஸ்டுலா போட்டார்கள். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பார்கள். ரத்தம் வேகமாகப் பாய்ந்து சிரை தடித்தால்தான் பெரிய ஊசி போட முடியும். மேலே கை வைத்தால் அதிர்வு தெரியும். டாக்டர் இதை விளக்கி முடித்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "ஒட்டு புடிக்க எத்தினி நாளு ஆவும் சார்?" ஆறு வாரமாவது ஆகும் என்றார். "எங்க கன்னே மூணு வாரத்துல துளுத்துடுமே" என்று இவர் சொல்ல, டாக்டர் சிரித்துவிட்டார். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது. சரி, தூக்குவதை மகனிடம் விட்டார். கத்தி பிடிப்பது வலது கைதானே.

உண்மையான கொடுமை வேறு. அவருக்கு மாம்பழம் கூடாது. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். சனிக்கிழமைக்கு அப்புறம் செவ்வாய் வரை இடைவெளி நீளம் என்பதால் ஞாயிறும் திங்களும் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். சந்தூரில் உட்கார்ந்துகொண்டு, மே மாதத்தில், மாம்பழம் தின்னாமல்! அவர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பழத்தைக் காம்போரம் முகர்ந்து பார்ப்பார், பிறகு என்னிடம் கொடுத்து, "தின்னுட்டு சொல்லு கண்ணு" என்பார். "நல்லாருக்கு அத்தை" என்றால் விடமாட்டார். நார் இருக்கா, புளிப்பு முதலில் வருதா கடைசியில் வருதா, தோலோரம் எப்படி என்று குடைவார். என் நாக்கை வைத்தே ஒட்டுக்குக் குச்சி எடுக்கும் தாய்மரம் தேர்ந்தெடுத்தார். மாம்பழத்தை ஒழுங்காகத் தின்னக் கற்றுக்கொண்டதே அப்போதுதான்.

தண்ணீரும் அளவுதான். காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பி வைத்தால் அன்றைக்கு அவ்வளவே. குழம்பு, மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கூழை விட்டுக் களிக்கு மாறினார். கோடையில் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பார்.

ஒட்டுக் கட்டும் சீசனில் மட்டும் அவரைப் பிடிக்க முடியாது. மாங்கூழ் ஃபேக்டரியிலிருந்து கொட்டை வந்து இறங்கும். அதை முளைக்கப் போட்டு, தண்டு செம்பு நிறத்தில் இருக்கும்போதே வெட்டிக் கட்ட வேண்டும். தாய்மரக் குச்சியில் ஒரு வாரம் முன்பே இலையைக் கிள்ளிக் காம்பை மட்டும் விட்டு வைக்க வேண்டும். எந்த நாளில் எது என்று டயாலிசிஸ் கிழமைகளை விட்டுவிட்டுக் காலண்டரில் குறித்து வைத்திருப்பார். டயாலிசிஸ் முடிந்த சாயங்காலம் எழுந்திருக்கக்கூட முடியாது. படுத்தபடியே, "பாலித்தீன் இறுக்கமா சுத்துனீங்களாடி?" என்று பெண்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்த வருஷக் கன்றுக்கு இந்த வருஷமே முன்பணம் வாங்குவார். எனக்கு அது பயமாக இருந்தது. ஒருமுறை சுற்றி வளைத்துக் கேட்டேன். "கன்னு இருக்கும் கண்ணு. நான் இருப்பனான்னு அவங்க கேக்கலையே" என்றார்.

ஓர் ஆடி மாதம், சீசன் நடுவில், மாரடைப்பில் போனார். நோட்டில் முன்பணம் எழுதியிருந்த எல்லோருக்கும் கன்று கொடுத்து முடித்தோம். இப்போது நர்சரியை அவர் மருமகள் பார்க்கிறார். பெங்களூரா ரகத்தைக் குறைத்துவிட்டு இமாம்பசந்த் அதிகம் கட்டுகிறார், விலை கிடைக்கிறதாம். அத்தை இருந்திருந்தால் இதற்கு ஒரு பெரிய சண்டை நடந்திருக்கும்.