பிரபுவுக்குச் சனிக்கிழமைச் சேவகம்

கேள்வி: என் கணவர் லண்டனில் ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தார். 2024 தேர்தலில் எம்.பி. ஒதுங்கிக்கொண்டார். அவருக்கு நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் அவையில் இடம் கிடைத்தது. என் கணவருக்கு வேலை போனது. இப்போதும் சனிக்கிழமைகளில் எங்கள் லார்டுக்குச் சும்மாவே உரை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார். அதனால் மகளை டியூஷனுக்கு இரண்டு பஸ் மாறி நான்தான் கூட்டிப்போகிறேன். ஓய்வு பெறும் எம்.பி.க்களுக்கு இப்படிப் பதவி கொடுப்பது நியாயமா?

- ஒரு வாசகி, ஹாரோ

பதில்: நியாயமில்லை. நாடாளுமன்றம் கலையும்போது கட்சித் தலைவர்கள் பிரபுக்கள் அவைக்குத் தங்கள் ஆட்களின் பெயரைக் கொடுப்பது உங்கள் ஊரில் வழக்கம். முன்னாள் பிரதமர் தெரசா மே உள்ளிட்டவர்களின் பட்டியல் 2024 ஜூலை 4 அன்று, வாக்குப்பதிவு நாளிலேயே வந்துவிட்டது. அந்தப் பெயர்களைச் சரிபார்க்கும் நியமன ஆணையம் ஆள்மேல் கறை உண்டா என்று பார்த்ததே தவிர, வேலைக்கு ஏற்றவரா என்று பார்க்கவில்லை. சரி, அது அவர்கள் பாடு.

அந்தச் சனிக்கிழமைக்கு வாருங்கள். போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. பிரபுக்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அவைக்கு வந்த நாளுக்கு 2024 கணக்கில் 361 பவுண்டு, வரியில்லாமல். முன்பு செயலாளர் செலவுக்கென்று தனியாகப் பணம் கோரலாம். 2010-ல் அதையும் சேர்த்துத்தான் ஒரே தினப்படியாக்கினார்கள், அன்றைக்கு 300 பவுண்டு. ஆக, எழுதிக் கொடுப்பவரின் கூலியும் அந்தப் பணத்துக்குள் இருக்கிறது. அது உங்கள் வீட்டுக்கு வரவில்லை. நீங்களோ 'எங்கள் லார்டு' என்கிறீர்கள்!

பதினோரு வருட விசுவாசம் என்பீர்கள். விசுவாசம் நல்லதுதான், பெற்ற பிள்ளைக்கு மிச்சம் வைத்தால். இன்னொரு பதவி வாங்கித் தருவார் என்று உங்கள் கணவர் காத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். நீங்களும் கூடச் சேர்ந்து காத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் இதற்குள் சண்டை வந்திருக்கும். 2014 சட்டப்படி, ஒரு கூட்டத்தொடர் முழுக்கத் தலைகாட்டாத பிரபுவுக்கே இடம் போய்விடும். வீட்டில் தலைகாட்டாத அப்பாவுக்கு மட்டும் என்ன சலுகை?

வருகிற சனிக்கிழமை டியூஷனுக்கு அவர் போகட்டும். அந்த லார்டுக்கு ஒரு மின்னஞ்சல்: இனி உரை ஒன்றுக்கு இவ்வளவு, இத்தனை நாளுக்குள் பணம். அவர் தயங்கினால் அதுவே பதில். அப்புறம் உங்கள் கணவர் வேறு வேலைக்கு விண்ணப்பம் போடட்டும். மனுக்களோடு பதினோரு வருடம் மல்லுக்கட்டியவரைக் கவுன்சிலிலும் தொண்டு நிறுவனங்களிலும் எடுத்துக்கொள்வார்கள்.