நாள்பட்ட நோயும் வேலையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஈரத்தோல் பிரிவில் பல வருடமாக வேலை. சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். "ஊனச் சான்று கொண்டு வா, இல்லாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடு" என்கிறார் மேலாளர். சான்று கிடைக்குமா?
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: முதல் வேலையாக, ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு எங்கே போய் முறையிட்டாலும் 'அவராகவே விலகினார்' என்று அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அட்டவணையில் 21 குறைபாடுகளைச் சொல்கிறது. ஹீமோஃபீலியா, தலசீமியா, பார்க்கின்சன் நோய் எல்லாம் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. அதனால் அந்த நோயை மட்டும் காட்டி அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அலைந்தாலும் சான்று கிடைக்காது. ஆனால் அதே சட்டத்தின் 2-வது பிரிவில் மாற்றுத்திறனாளி என்பதற்கான விளக்கம் அட்டவணையைவிட விரிவானது: நீண்டகாலக் குறைபாடு, அதோடு சேர்ந்து பிறரைப் போல முழுமையாகப் பங்கேற்க விடாத தடை. தனியார் நிறுவனத்திடம் இதைச் சொல்லிக் கேட்கலாம். அங்கே சட்டத்தின் கை அவ்வளவு நீளம் இல்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. வேலைப் பாதுகாப்பு தரும் 20-வது பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தனியாருக்கு 21-வது பிரிவின்படி சமவாய்ப்புக் கொள்கை இருக்க வேண்டும். அதன் நகலை எழுத்தில் கேளுங்கள்.

டாக்டர் கடிதம்தான் உங்கள் கையில் உள்ள பெரிய ஆயுதம். டிஸ்சார்ஜ் சம்மரியை அப்படியே நீட்டினால் மேலாளருக்கு ஒன்றும் புரியாது. 'ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) போட்ட கையால் கனம் தூக்கக்கூடாது. டயாலிசிஸ் இன்னின்ன கிழமை, இத்தனை மணி நேரம். மற்ற நாட்களில் உட்கார்ந்து செய்யும் வேலை செய்யலாம்' என்று எழுதி வாங்குங்கள். ஈரத்தோல் தூக்குவதிலிருந்து தரம் பிரிக்கும் பகுதிக்கு மாற்றம் கேட்டு மனு எழுதி, அந்தக் கடிதத்தை அதோடு இணைத்துக் கொடுங்கள். மனுவின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று சீல் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டை மறக்காதீர்கள். சாதாரண நோய்க்கால உதவி, கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள். அது தீர்ந்தபின் நீண்டகால நோய்களுக்கான நீட்டிப்பு 80 சதவீதம், 2 ஆண்டு வரை; அந்தப் பட்டியலில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு இருக்கிறது. இதற்கு 2 ஆண்டு தொடர் பணியும் போதிய நாட்களுக்குச் சந்தாவும் வேண்டும். பலருக்குப் பணம் நிற்பது ஒரே காரணத்தால்தான்: தனியார் மருத்துவமனைச் சீட்டு மட்டும் இருக்கும், ஈ.எஸ்.ஐ. டாக்டரின் விடுப்புச் சான்று இருக்காது.

கேள்வி: அரசு அலுவலக எழுத்தர். பார்க்கின்சன் நோய்க்கு 30 சதவீதக் குறைபாடு என்று சான்று வந்தது. 40 இல்லை, அதனால் உரிமை இல்லை என்று வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கொடுக்கச் சொல்கிறார்கள்.
— வாசகி, குடியாத்தம்

பதில்: 40 சதவீதம் கேட்பது 4 சதவீத இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு. மற்ற உரிமைகளுக்கு அந்த வரம்பு தேவையில்லை என்று 2021-ல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விகாஷ் குமாருக்கு இருந்தது எழுதும்போது கை இழுக்கும் நோய். பணிக்காலத்தில் குறைபாடு வந்த அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி; அதுவும் இல்லையென்றால், பொருத்தமான இடம் வரும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். விருப்ப ஓய்வு கேட்டு எழுதிவிட்டால் இதையெல்லாம் நீங்களே கைவிட்டதாகும். அலுவலகக் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். நடக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழு, பிறகு சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்.

கேள்வி: சர்க்கரை நோய் ஊனமா?
— வாசகர், ஆம்பூர்

பதில்: நோய் மட்டும் இருந்தால் அட்டவணைப்படி இல்லை. ஆனால் அந்த நோயால் ஒரு காலை அகற்ற நேர்ந்தாலோ பார்வை மங்கினாலோ அந்தக் குறைபாட்டுக்குச் சான்று கேட்கலாம். கண்ணில் அளவெடுப்பது கண்ணாடி போட்ட பிறகு, இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணில். ஒரு கண் மட்டும் போனவர்கள் இங்கேதான் ஏமாந்து திரும்புகிறார்கள்.