சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான அரசு சுகாதாரத் திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்துபவர் எதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

தென் மாவட்டம் ஒன்றில் சில ஆண்டுகள் இந்த வேலையைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பரிசோதித்து மேல்சிகிச்சைக்கு அனுப்பிய குழந்தைகளில் யார் யார் போய்ச் சேரவில்லை என்ற பட்டியல் உங்கள் மேசையில் எப்போதும் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் பார்த்தது ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசிய சிறார் நலத் திட்டம். 2013-இல் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகைகளில் சுமார் 30 பாதிப்புகளைத் தேடுகிறார்கள். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் கொண்ட நடமாடும் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் போகும். சந்தேகப்படும் குழந்தையை மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். இயன்முறை, பேச்சுப் பயிற்சி, செவித்திறன் பரிசோதனை, உளவியல், பல், கண் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதுதான் அந்த மையத்தின் நோக்கம்.

மாதக் கூட்டத்தில் எண்ணிக்கை கேட்பார்கள். எங்கள் எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. ஒருநாள் குழுக்களின் பதிவேட்டையும் மையத்தின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். குழுவின் ஏட்டில் இருந்த பல பெயர்கள் மையத்தின் ஏட்டில் இல்லவே இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அந்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்தோம். நூறு நாள் வேலையில் ஒருநாள் கூலி போகும், இரண்டு பஸ் மாற வேண்டும், கைக்குழந்தையை யாரிடம் விடுவது, "இவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்" என்கிற மாமியார். ஒரு தாய் சொன்னது மட்டும் இன்னும் மனதைக் குடைகிறது. அவர் வந்திருக்கிறார். அன்று பேச்சுப் பயிற்சியாளர் விடுப்பு. திருப்பி அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அன்றிலிருந்து செய்தது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. எந்தப் பயிற்சியாளர் எந்தக் கிழமை இருப்பார் என்று முன்கூட்டியே சொன்னோம். ஒரே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே நாள் கொடுத்தோம். தாய்மார்கள் சேர்ந்து வந்தார்கள், ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் காரணம் சொன்னார். கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுத்தால் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடுவார். நம் எல்லோரையும் விட அந்தக் குடும்பத்தை அவருக்குத்தான் தெரியும்.

வந்த பிறகும் விட்டுப்போகும் இடங்கள் உண்டு. பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும் வளைபாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்செட்டி முறையில் வாரத்துக்கு ஒரு மாவுக்கட்டு, ஐந்தாறு வாரம், பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு. பாதம் நேராகிவிடும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அதற்குப் பின் நடுவில் கம்பி வைத்த காலணியை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கு வயது வரையாவது இரவில் போட வேண்டும். குழந்தை அழும், பார்க்க மனசு கேட்காது, கழற்றிவிடுவார்கள். பாதம் மறுபடி திரும்பிவிடும். கடைசிக் கட்டு பிரிக்கும் நாளன்று "முடிந்தது" என்று ஏட்டில் எழுதும் திட்டத்துக்கு இது தெரியவே தெரியாது. எங்கள் ஏட்டில் நான்கு வயது வரை அந்தப் பெயரை மூடக் கூடாது என்று வைத்தேன்.

காது கேளாமையிலோ காலம்தான் எதிரி. பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கணக்கு. தமிழ்நாட்டில், உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டில் இடம் இருக்கிறது. ஆறு வயதுக்குள் வர வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போதுதான் கண்டுபிடித்தோம் என்றால் பேச்சு பழகவேண்டிய நல்ல ஆண்டுகள் போய்விட்டிருக்கும். அதனால் பிரசவ வார்டிலேயே பரிசோதனை நடக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், அறிக்கையை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, குழுவுக்குப் பேசக் கற்றுக்கொடுங்கள். பிளவு உதட்டோடு பிள்ளை பிறந்தால், கிரகணத்தில் வெளியே போனதால்தான் என்று அந்தப் பெண்ணை வீடே குற்றம் சாட்டியிருக்கும். அவளிடம் பரிந்துரைச் சீட்டை நீட்டும் முன், "இது உன்னால வந்தது இல்லம்மா" என்று அவள் மாமியார் காதில் விழும்படி மருத்துவர் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் அவரை மையத்துக்கு அழைத்து வந்ததே அந்த மாமியார்தான்.