முட்டைக்கு ஒன்று, கறிக்கு ஒன்று, அடைக்கு ஒன்று: வீட்டுக்கோழி ரகங்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (திண்டுக்கல்): வீட்டில் நாலு பேர். ஆளுக்குத் தினம் ஒரு முட்டை வேணும். எந்த ரகம், எத்தனை கோழி வாங்கணும் சார்?

பதில்: வருஷத்துக்கு 1,460 முட்டை. அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

பிவி-380 போன்ற பழுப்பு முட்டைக் கோழி, முழுத் தீவனம் போட்டால் வருஷத்துக்கு 280 முதல் 300 முட்டை இடும். ஐந்து கோழி போதும். ஒன்று செத்தாலும் சமாளிக்க ஆறாக வாங்குங்கள். கிராமப்பிரியா என்ற கலப்பு ரகம் புறக்கடையில் 160 முதல் 180 வரை இடும். எட்டு, ஒன்பது கோழி வேண்டும். சிறுவிடை என்கிற சிறிய நாட்டுக்கோழி 60, 70 முட்டைதான். அதில் 22 கோழி தேவைப்படும்.

தீவனக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். முட்டைக் கோழிக்குத் தினம் 110 கிராம். ஆறு கோழிக்கு மாதம் 20 கிலோ. ஒரு முட்டைக்குச் சுமார் 140 கிராம் தீவனம் போகும். மேயும் சிறுவிடைக்குக் கையால் 40 கிராம் போட்டாலும், 22 கோழிக்கு ஒரு முட்டைக்கு 220 கிராம் ஆகிவிடும். ‘நாட்டுக்கோழிக்குச் செலவே இல்லை’ என்பது மேய்ச்சல் நிலமும் நெல் களமும் இருக்கிற வீட்டுக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. முட்டை மட்டுமே குறிக்கோள் என்றால் உங்களுக்கு ஆறு பழுப்புக் கோழிதான்.

கேள்வி (பெருந்துறை): கிராமப்பிரியா வாங்கி ஒரு வருஷமாச்சு. முட்டை நல்லா விடுது, ஆனா ஒண்ணுகூட அடை படுக்க மாட்டேங்குது. கோழியில ஏதும் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. அந்தக் குணத்தைக் கழித்துத்தான் அந்த ரகத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். கோழி அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும். அதனால் அதிக முட்டைக்காகத் தேர்ந்தெடுத்த எந்த ரகத்திலும் அடை குணம் மங்கித்தான் போயிருக்கும். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் தந்த கிராமப்பிரியா, வனராஜா இரண்டும் அப்படித்தான்.

இன்னொன்று. இவை வெவ்வேறு வரிசைகளைக் கலந்து எடுத்த கலப்புக் கோழிகள். வீட்டிலேயே சேவல் விட்டுக் குஞ்சு எடுத்தாலும் அடுத்த தலைமுறை தாயைப்போல இருக்காது. ஒன்று நன்றாக இடும், ஒன்று இடாது, உடம்பும் ஏறுக்குமாறாக வரும். ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுக் குஞ்சு வாங்குவது என்று திட்டமிட்டே இந்த ரகங்களுக்குள் இறங்க வேண்டும்.

ரகம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கச் சொல்வது நிறத்தையோ எடையையோ அல்ல. குஞ்சு உங்கள் வீட்டில் பொரிக்க வேண்டுமா, ஒவ்வொரு முறையும் வெளியே வாங்கப் போகிறீர்களா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி ரகங்கள் தானாகக் கழிந்துவிடும்.

கேள்வி (சிவகங்கை): சிறுவிடை வருஷத்துக்கு 40 முட்டைன்னு ஒருத்தர் சொல்றார், 80ன்னு ஒருத்தர் சொல்றார். எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை. கோழி ஒன்றுதான், வளர்க்கிற விதம் வேறு. ஓர் ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இட 20 நாள் ஆகும். அடை 21 நாள். குஞ்சுகளை அதுவாகக் கொத்தி விரட்டும்வரை கூட்டிக்கொண்டு திரிந்தால் இரண்டு, இரண்டரை மாதம். ஆக ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நாலு மாதம்; வருஷத்தில் மூன்று ஈடு, 40 முட்டை.

பொரித்த இரண்டாம் வாரத்தில் குஞ்சுகளைப் பிரித்துப் பல்பு வெப்பத்தில் வைத்தால் தாய் மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். வருஷத்தில் ஐந்து ஈடு கிடைக்கும், 60, 70க்குப் போகும். அடையே வைக்காமல் கலைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும்.

கலைப்பது என்றால் தண்ணீரில் முக்குவதோ மூக்கில் இறகு குத்துவதோ இல்லை. அது வதை. அடிப்பக்கம் கம்பிவலை போட்ட கூண்டைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, வெளிச்சமான இடத்தில் வைத்து, கோழியை நாலு நாள் அதில் விடுங்கள். கூளம் எதுவும் போடாதீர்கள்; தீனியும் தண்ணீரும் வழக்கம்போல. அடிவயிற்றில் காற்றுப் பட்டுச் சூடு தணிந்தால் அடை எண்ணம் போய்விடும். ‘கொக் கொக்’ சத்தம் நின்றதும் திறந்துவிடலாம்.

கேள்வி (திருப்பூர்): முட்டைக்குக் கலப்பு ரகம், குஞ்சு பொரிக்கச் சிறுவிடை, ரெண்டையும் ஒண்ணா வளர்க்கலாமா?

பதில்: இடமிருந்தால் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஒரு சிறுவிடை அதன் சொந்த முட்டை என்றால் 10, 12 மூடும். பெரிய முட்டை என்றால் எட்டு, ஒன்பதோடு நிறுத்துங்கள். ஓரத்து முட்டை குளிர்ந்து எட்டாம் நாள் கரு செத்துப்போவதற்கு ஆசைப்பட்டு அதிகம் வைப்பதுதான் காரணம். அடைக்கு எடுக்கும் முட்டை ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்கட்டும், கோடையில் ஐந்து நாளுக்குள். ஏழாம் நாள் இரவில் டார்ச்சில் பார்த்துக் கூமுட்டையை எடுத்துவிடுங்கள்.

சேவல் விஷயத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கலப்பு ரகச் சேவல் பெரியது; சிறுவிடைப் பெட்டைகளை அதுவே மிதிக்கும். பிறக்கும் குஞ்சு பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும், ஆள் மகிழ்ந்துபோவார். இரண்டு தலைமுறை போனால் ஒரு பெட்டையும் ஒழுங்காக அடை படுக்காது, பாதியில் எழுந்துவிடும். சேவல் சிறுவிடையாக மட்டும் இருக்கட்டும், எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒன்று. உறவுக்குள் கூடாமலிருக்க ஒன்றரை வருஷத்துக்கு ஒரு முறை வேறு ஊர்ச் சேவலை மாற்றுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): சேவலே இல்லாம கோழி முட்டை விடுமா அண்ணே?

பதில்: விடும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். மாடியில் வளர்ப்பவர்கள் சேவலைத் தவிர்த்தால் விடியற்காலையில் பக்கத்து வீட்டோடு சண்டை இருக்காது.

கேள்வி (நாகர்கோவில்): கறிக்கு மட்டும் வளர்க்க நினைக்கிறோம். மாசம் ரெண்டு கோழி போதும். பெருவிடை நல்லதா, வனராஜாவா, பிராய்லரா?

பதில்: மாதம் இரண்டு என்பதால் பிராய்லர் உங்களுக்கு ஒத்துவராது. அது 40 நாளில் இரண்டு கிலோ ஏறும், தின்பது மூன்றரை கிலோவுக்குள். ஆனால் பத்துக் குஞ்சும் ஒரே வாரத்தில் அறுப்புக்கு வந்து நிற்கும். ‘இரு, அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று விட்டால் கால் தாங்காமல் உட்காரும், வயிற்றில் நீர் கோக்கும், ஒரு சித்திரை வெயிலில் மூச்சிரைத்துச் சாகும். அதன் எலும்பும் இதயமும் அந்த எடைக்கு ஈடுகொடுப்பதில்லை.

வனராஜாச் சேவல் நல்ல தீவனத்தில் 12 வாரத்தில் ஒன்றேகால், ஒன்றரை கிலோ வரும்; அதன்பின் இரண்டு மாதம் வைத்திருந்தாலும் கெடாது. பெங்களூர்க் கால்நடைக் கல்லூரியின் கிரிராஜாவும் இந்த வகைதான். நமது கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியையும் கேட்டுப் பாருங்கள்.

பெருவிடை, அசில் போன்ற பெரிய நாட்டுக்கோழி வகைக் கறிக்கு ருசி தனி. நார் இறுக்கம், குழம்புக்கு ஏற்றது. ஆனால் ஐந்து, ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சேவல்களை நாலு மாதத்திலேயே பிரிக்காவிட்டால் ஒன்றையொன்று கொத்திக் கண்ணைப் பிடுங்கும். பெட்டையும் கனம், அடைக்கு வைத்தால் மிதித்து முட்டையை உடைக்கும். பெருவிடை முட்டையைச் சிறுவிடைக்குக் கீழே வைத்துப் பொரிக்கிற பழைய பழக்கம் இதனால்தான்.

உங்கள் கணக்குக்கு ஆறு சிறுவிடைப் பெட்டை, ஒரு சேவல். ஈடுகளை மாதம் மாற்றி மாற்றி அடை வைத்தால் வருஷம் முழுக்கச் சேவல் குஞ்சு வந்துகொண்டிருக்கும். எடை ஒரு கிலோதான், ஐந்து மாதம் ஆகும். மாதம் இரண்டுக்குத் தாராளம்.

கேள்வி (சேலம்): சந்தையில நாட்டுக்கோழிக் குஞ்சுன்னு விக்கிறது எல்லாம் நாட்டுக்கோழியா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: பல இடங்களில் அப்படி விற்பது சோனாலி. பங்களாதேஷில் ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் எகிப்தின் ஃபயூமிப் பெட்டையையும் சேர்த்து எடுத்த ரகம். கெட்ட கோழி இல்லை. இரண்டு மாதத்தில் முக்கால் கிலோ வரும், கறியும் பரவாயில்லை. பெயரை மாற்றி விற்பதுதான் தப்பு.

அடையாளம்: நூறு குஞ்சும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒரே வயது, ஒரே அளவு, ஒன்றிரண்டு நிறம் மட்டும் என்றால் பொரிப்பகத்து ரகம். நாட்டுக்குஞ்சில் கறுப்பு, செம்பூத்து, சாம்பல், புள்ளி என்று கலவையாக இருக்கும். கால் நிறம்கூட ஒன்றாக இருக்காது. தாய்க்கோழியைக் காட்டச் சொல்லுங்கள். குஞ்சோடு திரியும் தாயைக் காட்ட முடிந்தால் அதைவிடச் சான்று வேண்டாம்.

தெருவில் சாயம் பூசி விற்கும் கலர்க் குஞ்சுகளை வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலும் முட்டை ரகத்தில் கழித்த ஆண் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது. வெப்பமில்லாமல் அலைந்ததில் பாதி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே போய்விடும்.

கேள்வி (கோவை): கருங்கோழி முட்டை கறுப்பா இருக்குமாமே? கடக்நாத் வளர்த்தா லாபமா?

பதில்: முட்டை கறுப்பாக இருக்காது, வெளிர் பழுப்பு அல்லது பாலேடு நிறம். கறுப்பு தோலிலும் கறியிலும் எலும்பின் மேற்சவ்விலும் இருக்கும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி, 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. உடம்பு சின்னது, சேவலே இரண்டு கிலோவுக்குள். முட்டை நூறை ஒட்டி. அடை குணம் குறைவு. கொண்டை ரத்தச் சிவப்பாகவோ நாக்கு வெளுத்தோ இருந்தால் கலப்பு. கொழுப்புக் குறைந்த நல்ல கறி என்பது சரி, ஆனால் மருந்து என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள். வீட்டுக்கு ஆசைக்கு நாலு வளர்க்கலாம்.

கேள்வி (விருதுநகர்): பழுப்பு முட்டைக் கோழிக்கு வீட்டுத் தானியம்தான் போடுறோம். முதல்ல நல்லா விட்டது, இப்போ தோல்முட்டையா வருது.

பதில்: அரிசியும் கம்பும் மட்டும் தின்று தினம் ஒரு முட்டை இட அதனால் முடியாது. ஓட்டுக்கான சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே எடுத்து இட்டிருக்கிறது. அதுவும் தீர்ந்ததும் தோல்முட்டை. இப்படியே விட்டால் கால் மடங்கிப் படுத்துவிடும்.

பத்துக் கிலோ கலவை இது: உடைத்த மக்காச்சோளம் 4.6 கிலோ, சோயாப் புண்ணாக்கு 2 கிலோ, தவிடு 1.6 கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 600 கிராம், கிளிஞ்சல் தூள் 900 கிராம், தாது உப்புக் கலவை 300 கிராம். இதோடு சமையல் உப்பு 30 கிராம், வைட்டமின் தூள் பாக்கெட்டில் போட்ட அளவு. புரதம் 17 சதவீதத்தை ஒட்டி வரும். சோயாவுக்குப் பதில் கடலைப் புண்ணாக்கு போடுகிறவர்கள் பூஞ்சை வாடை வருகிறதா பாருங்கள். அந்த நஞ்சு ஈரலைக் கெடுத்து முதலில் முட்டையைத்தான் நிறுத்தும். உப்புக் கருவாடு போட்டால் தண்ணீர்க் கழிச்சல் வரும்.

இந்தக் கலவையைக் குஞ்சுக்கும் நாலு மாதம் ஆகாத வெடைக்கோழிக்கும் போடக்கூடாது. அவ்வளவு சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லா வயதும் ஒன்றாக மேய்ந்தால் கிளிஞ்சலைத் தீவனத்தில் கலக்காமல் தனிச் சட்டியில் வையுங்கள். தேவையான கோழி தானே கொத்திக்கொள்ளும்.

கேள்வி (தேனி): நாட்டுக்கோழிக்கு நோய் வராதுன்னு நம்பித்தான் வாங்கினோம். வெள்ளைக் கழிச்சல்ல இருபதும் போச்சு. எந்த ரகத்துக்கு அது வராது?

பதில்: அப்படி ஒரு ரகம் கிடையாது. நாட்டுக்கோழி வெயிலையும் அரைகுறைத் தீனியையும் தாங்கும். வெள்ளைக் கழிச்சலைத் தாங்காது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு எஃப்-1 அல்லது லசோட்டா தடுப்பு மருந்து, நாலாம் வாரம் லசோட்டா மறுபடி, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஆர்2பி ஊசி அரை மில்லி. ஏழாம் வாரத்தை ஒட்டி அம்மை ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து. கரைத்த மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீதியை நாளைக்கு என்று வைத்தால் வெறும் தண்ணீர்தான். புட்டி நூறு டோஸ், இருநூறு டோஸாக வரும் என்பதால் தெருவே சேர்ந்து போடுங்கள். மாசி வெயிலுக்கு முன் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்தும், மருந்தகத்தில் தேதி கேளுங்கள்.

செத்த இடத்தில் புதுக் கோழியை உடனே விடாதீர்கள். கூளத்தை எரித்து, சுண்ணாம்பு அடித்து, குறைந்தது ஒரு மாதம் காலியாகப் போடுங்கள்.

கேள்வி (சென்னை, ஆவடி): மொட்டை மாடியில பத்துக்கு எட்டடி இடம் இருக்கு. மேய விட முடியாது.

பதில்: மேய்ச்சல் இல்லாத இடத்தில் சிறுவிடை வேண்டாம், சுவரேறிப் பறக்கும், அடைத்தால் இறகு பிடுங்கும். பழுப்பு முட்டைக் கோழி நாலு அல்லது ஐந்து. ஒன்றுக்கு இரண்டு சதுர அடி போதும் என்பார்கள், மாடியில் நாலாகக் கொடுங்கள். நாலங்குலத்துக்குத் தேங்காய் நார்க் கழிவு அல்லது நெல் உமி, வாரம் இருமுறை கிளறல். ஈரமானால்தான் நாறும், ஆகவே தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் வையுங்கள். தகரக் கூரை வேண்டாம். போட்டுவிட்டீர்கள் என்றால் மேலே தென்னங்கீற்று. குஞ்சாக வாங்காமல் 16 வார வெடைக்கோழியாக வாங்குங்கள், ஊசி அட்டவணையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மார்கழியில் பகல் சுருங்கும்போது முட்டை குறைந்தால் விடியற்காலை நாலரைக்கு ஒரு சின்ன பல்பு எரியவிட்டால் போதும்.